அருந்ததியும் ஒரு கண்ணாடித் தட்டும்

முதல் முறை போனபோது வானம் முழுக்க மேகம். மகன் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு ஒன்றும் தெரியாது அம்மா, திரும்பிவிடலாமா?" என்றான். நான் அதற்குள் கதவைத் திறந்து இறங்கியிருந்தேன். நாற்பது ஆண்டு ஆசை அது. வாசல்வரை வந்துவிட்டு மேகத்துக்காகத் திரும்பிப் போக மனம் வரவில்லை.

வந்திருந்த இடம் மெக்கார்மிக் வானாய்வகம். அமெரிக்காவில் சார்லட்ஸ்வில் என்ற ஊரில், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. பல்கலைக்கழகத்தை ஒட்டி மரங்கள் அடர்ந்த ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சியில் 45 அடி விட்டத்தில் குவிமாடம். மாதத்தின் முதல் வெள்ளியும் மூன்றாம் வெள்ளியும் இரவில் இரண்டு மணி நேரம் பொதுமக்களுக்காகத் திறக்கிறார்கள். கட்டணம் இல்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் பாட்டிகள், கைகோத்துக்கொண்டு வரும் இளம் ஜோடிகள், அலுவலகத்திலிருந்து நேராக வருகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். வானம் மூடியிருந்தாலும் உள்ளே விளக்கம் சொல்ல ஆள் இருப்பார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

திருப்பத்தூர் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். 2021இல் ஓய்வு பெற்றேன். நான் படித்த கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதன் மேல் தட்டில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று, பித்தளைக் குழாயும் மரக் கால்களுமாக, சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். மூன்று ஆண்டுகள் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள்கூட அது வெளியே வரவில்லை. விண்மீன்கள் இரவில்தான் தெரியும். எங்கள் விடுதி வாசலோ மாலை ஆறு மணிக்கெல்லாம் பூட்டப்பட்டுவிடும். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை, அன்றைய வழக்கம் அப்படி. ஆனாலும் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பித்தளைக் குழாய் என் கண்ணைவிட்டுப் போனதே இல்லை.

மெக்கார்மிக்கின் குவிமாடத்துக்குள் நுழைந்ததும் அந்தக் குழாய்தான் நினைவுக்கு வந்தது. இது அதன் நூறு மடங்கு. கனத்த தூணின் மேல் முப்பது அடிக்கும் அதிகமான நீளத்தில் ஒரு குழாய், சிவப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், உறங்கும் யானைபோல் அசையாமல் கிடந்தது. முன்பக்க வில்லை 26 அங்குலத்துக்குச் சற்று அதிகமான விட்டம் கொண்டது. ஆல்வன் கிளார்க் நிறுவனத்தார் தேய்த்துச் செய்தது. இதே கிளார்க் குடும்பம் இதே அளவில் வாஷிங்டனில் உள்ள கடற்படை வானாய்வகத்துக்கும் ஒன்று செய்து கொடுத்தது. செவ்வாயின் இரண்டு நிலவுகளையும் 1877இல் ஆசஃப் ஹால் அதைக் கொண்டுதான் கண்டுபிடித்தார். வகுப்பில் இந்தச் செய்தியை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதன் உடன்பிறப்பு என் தலைக்கு மேலே நின்றது.

பணம் கொடுத்தவர் லியாண்டர் மெக்கார்மிக். கதிர் அறுக்கும் இயந்திரத்தால் செல்வம் சேர்த்த குடும்பம், இதே வர்ஜீனியாவின் மண்ணிலிருந்து சிகாகோ போனவர்கள். உள்நாட்டுப் போரும் 1871இல் சிகாகோ நகரை எரித்த தீயும் அவருடைய திட்டத்தைத் தள்ளிப்போட்டன. கடைசியில் 1885 ஏப்ரல் 13 அன்று, பல்கலைக்கழகத்தை நிறுவிய ஜெஃபர்சனின் பிறந்த நாளில், வானாய்வகம் திறக்கப்பட்டது. என் அப்பா கதிர் அறுவாளால் நெல் அறுத்தவர். அறுவடையில் கிடைத்த பணம் இப்படி ஒரு வில்லையாக மாறி, 140 ஆண்டுகளாக வானத்தை நோக்கியபடி இருக்கிறது என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மேகம் விலகவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். குவிமாடத்தை ஒட்டிய அறையில் ஒரு மாணவி ஒளிப்பெட்டியின் மேல், அந்தக் காலத்தில் வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். முனைவர் பட்டத்துக்கு இரண்டாம் ஆண்டு ஆராய்ச்சி செய்கிறவள். இருபத்தைந்து வயது இருக்கலாம். காதில் பென்சில்.

"இதைப் பாருங்கள்" என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

குனிந்தேன். கண்ணாடியில் வானம் தலைகீழாக இருந்தது. வெளிறிய பின்னணியில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல். ஒவ்வொரு விண்மீனும் ஒரே வரிசையில் சற்றே தள்ளித் தள்ளிப் பல முறை பதிவாகியிருந்தது. நடுவில் ஒரு புள்ளியைச் சுற்றி மையால் சின்ன வட்டம். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிப் போட்ட வட்டம், கை நடுங்கியிருக்கவில்லை.

"இது எதற்கு எடுத்தது தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. இடமாறு தோற்ற முறை. பதினோராம் வகுப்பில் முதல் பாடத்திலேயே வரும். கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார், பிறகு மறு கண்ணை மூடிப் பார், விரல் நகர்வதுபோல் தெரிகிறதா என்று கேட்பேன். பிள்ளைகள் நாற்பது பேரும் விரலை நீட்டிக்கொண்டு கண்ணடிப்பார்கள். பிறகு கரும்பலகையில் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம், ஜனவரியில் பூமி இங்கே, ஜூலையில் அங்கே, தொலைவில் ஒரு விண்மீன், இரண்டு கோடுகள், நடுவில் ஒரு கோணம். 31 ஆண்டுகள் அந்தப் படத்தை வரைந்தேன். அந்தக் கோணத்தை யாராவது உண்மையில் அளந்த ஒரு பொருளை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இங்கே அளந்திருக்கிறார்கள். 1913இல் இயக்குநராக வந்த சாமுவேல் ஆல்ஃபிரெட் மிட்சல், அடுத்த ஆண்டே இந்த 26 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு விண்மீன்களின் தொலைவை அளக்கும் பணியைத் தொடங்கினார். இந்த வில்லை கண்ணால் பார்ப்பதற்காகத் தேய்க்கப்பட்டது. மஞ்சள் ஒளியைத்தான் கூர்மையாகக் குவிக்கும். அன்றைய சாதாரணப் புகைப்படத் தட்டுகளோ நீல ஒளிக்கு மயங்குகிறவை. ஆகவே மஞ்சள் வடிகட்டி ஒன்றை முன்னால் வைத்து, மஞ்சளை உணரும் தட்டுகளைப் பயன்படுத்தினார். ஒரு விண்மீனைச் சில மாதங்கள் கழித்து, பூமி தன் பாதையின் மறுபக்கம் போன பிறகு மீண்டும் எடுக்க வேண்டும். பிறகு மீண்டும். பிறகு மீண்டும். இப்படி இந்தக் குன்றில் சேர்ந்த தட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கணக்கைப் போட்டுக் காட்டும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டேன். காதிலிருந்த பென்சிலை எடுத்தாள். இந்தத் தட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் ஏறத்தாழ 21 வில்விநாடி (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி). முழு நிலவை இதில் எடுத்தால் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். நம்மிடமிருந்து 32.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் விண்மீன், விண்மீன்களில் அது நமக்கு அடுத்த வீட்டுக்காரர், ஆறு மாத இடைவெளியில் இந்தத் தட்டில் எவ்வளவு நகரும்? ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றை எடுத்துக் குறுக்கே ஏழாகப் பிளந்தால், அதில் ஒரு கீற்று.

அவ்வளவுதான். அந்தக் கீற்றைத்தான் அவர்கள் அளவுக்கருவியின் கீழே வைத்து, புள்ளி புள்ளியாக, பத்தாண்டு பத்தாண்டாக அளந்திருக்கிறார்கள். நான் கரும்பலகையில் வரைந்த கோணம் ஒரு சாண் அகலத்துக்கு இருக்கும். இனி எந்தப் பிள்ளைக்குச் சொன்னாலும் முதலில் இந்த முடிக்கதையைச் சொல்லிவிட்டுத்தான் படம் போடுவேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இதே வேலையை விண்வெளியிலிருந்து செய்த ஐரோப்பாவின் கையா விண்கலத்தை அப்போதுதான், 2025 மார்ச் 27 அன்று, அணைத்திருந்தார்கள். 2013 டிசம்பரில் ஏவப்பட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவுக்குக் கணக்கு தந்துவிட்டுப் போயிருக்கிறது. "இந்தத் தட்டுகளில் பிழை எங்கே, எவ்வளவு என்று இப்போது எங்களால் சரிபார்க்க முடிகிறது. அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போது வியப்பாக இருக்கிறது" என்றாள். அவள் அந்தத் தட்டை எடுத்து உறைக்குள் வைத்த விதத்தைக் கவனித்தேன். இரண்டு கையாலும், விளிம்பை மட்டும் தொட்டு, குழந்தையைத் தூளியில் இடுவதுபோல்.

மேகத்தோடு வீடு திரும்பினோம். எனக்கு வருத்தமே இல்லை.

ஏப்ரல் மூன்றாம் வெள்ளி மீண்டும் போனோம். இந்த முறை பேத்தி யாழினியும் வந்தாள். எட்டு வயது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

குவிமாடத்துக்கு வெளியே புல்தரையில் சின்னத் தொலைநோக்கிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இளங்கலை மாணவரோ மாணவியோ. மேற்கே வியாழன், அதற்குக் கீழே ரோகிணி சிவந்து மினுக்கியது. உயரே, புனர்பூசத்துக்குப் பக்கத்தில் செவ்வாய். யாழினி வியாழனைப் பார்த்துவிட்டு, "ஆயா, பக்கத்தில் குட்டிக் குட்டியாகப் புள்ளி இருக்கிறது!" என்று கத்தினாள். கலிலியோ 1610இல் பார்த்த நிலவுகள். அந்த மாதம் முழுக்க ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ரிஷபத்திலிருந்து குரு மிதுனத்துக்குப் பெயரப்போவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் ராசிக்கு நல்லது, யாருக்குப் பரிகாரம் என்று. அதே குருவை, அதே ரிஷபத்தில், நிலவுகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நிற்கும் கோலத்தில் என் பேத்தி பார்த்துவிட்டாள். எனக்கு அது போதும்.

இங்கே வந்ததிலிருந்து வானத்தில் எனக்குப் பழக இயலாத ஒன்று துருவ விண்மீன். எங்கள் ஊரில் அது வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே, தென்னந்தோப்புக்குள் மறைந்துகொள்ளும் உயரத்தில் இருக்கும். இந்த ஊர் 38 டிகிரி வடக்கில் இருப்பதால் அது வானத்தின் பாதி உயரம் ஏறி நிற்கிறது. சப்தரிஷி மண்டலமும் அதோடு சேர்ந்து மேலேறி, ஏப்ரல் இரவில் வடகிழக்கே முழு உருவில் நிற்கிறது.

குவிமாடத்துக்குள் அன்று பெரிய தொலைநோக்கியைத் திருப்பியிருந்தது அந்தச் சப்தரிஷியின் பக்கம்தான். வரிசை நகர்ந்தது. சக்கரம் வைத்த ஏணிப் படிகளில் ஏறி நின்றுதான் கண்வில்லைக்குக் கண் வைக்க வேண்டும். தட்டைக் காட்டிய அதே பெண் படியடியில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இன்றைக்கு மைசார்" என்றாள்.

மைசார் என்றால் வசிஷ்டர். சப்தரிஷியின் வாலில் நடு விண்மீன். அதை ஒட்டி மங்கலாகத் தெரியும் ஆல்கார்தான் அருந்ததி.

என் கல்யாணத்தில் எனக்கும் அருந்ததி காட்டினார்கள். காலை பத்து மணி. அம்மி மிதித்து முடித்ததும் புரோகிதர் மண்டபத்தின் தகரக் கூரையைக் காட்டி, "அருந்ததி பார்த்தாயா அம்மா?" என்றார். பார்த்தேன் என்று தலையாட்டினேன். இயற்பியல் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு அந்தப் பொய் உறுத்தியது. அன்று இரவே மொட்டை மாடிக்குப் போய்த் தேடினேன். ஐப்பசி மாதம், சப்தரிஷி அந்த நேரத்தில் அடிவானத்துக்குக் கீழே. பிறகு எத்தனையோ முறை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல கண் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அதற்காகத்தான் முன்னோர்கள் அதைக் காட்டினார்களோ என்னவோ.

படியேறிக் கண் வைத்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. இமை மயிர்தான் தெரிந்தது. மூச்சை விட்டு, கண்ணைச் சற்றுப் பின்னால் இழுத்தேன். இரண்டு விண்மீன்கள். வெள்ளை வெளேரென்று, ஒன்று சற்றுப் பெரியதாக, ஒன்று சின்னதாக, நடுவில் நல்ல கறுப்பு இடைவெளி. காற்றில் இரண்டும் நீரடியில் கிடக்கும் மூக்குத்திக் கற்கள்போல நடுங்கின.

"அப்படியானால் சின்னது அருந்ததியா?" என்று கேட்டேன். பெயரை அவளுக்குப் புரியும்படி ஆல்கார் என்று மாற்றிச் சொன்னேன்.

"இல்லை. நீங்கள் பார்ப்பது இரண்டுமே மைசார். ஆல்கார் இந்த வட்டத்துக்குள் அடங்கவில்லை, வெளியே நிற்கிறது" என்றாள்.

வசிஷ்டர் ஒருவரே இருவர் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே 14 வில்விநாடி. இந்த வில்லைக்கு அது அகலத் தெரு.

கீழே இறங்கிய பிறகு அவள் மீதிக் கதையைச் சொன்னாள். பெரிய மைசாரும் ஒற்றை இல்லை. 1880களின் இறுதியில் ஹார்வர்டில் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, படமெடுத்தபோது, ஒரு கோடு சில நாட்களில் ஒன்றாகவும் சில நாட்களில் இரண்டாகவும் தெரிந்தது. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள். நம்மை நோக்கி வரும்போது ஒன்றின் ஒளி நீலத்தின் பக்கம் சாய்கிறது, விலகும்போது சிவப்பின் பக்கம். தொலைநோக்கியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரித்துப் பார்க்க இயலாதவர்களை நிறமாலை பிரித்துக் காட்டியது. இந்த வகையில் கண்டறிந்த முதல் இரட்டை அதுதான். 20 நாட்களுக்குச் சற்று மேல் ஒரு சுற்று. சின்ன மைசாரும் அப்படியே இரட்டை. 2009இல் ஆல்காருக்கும் ஒரு துணை இருப்பது தெரியவந்தது. மிக மங்கலான சிவப்புக் குறுவிண்மீன்.

ஆக மொத்தம் ஆறு பேர். அருந்ததி, அவள் துணை, வசிஷ்டர் நால்வர். என் கல்யாணத்தில் தகரக் கூரைக்கு அப்பால் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள்.

"அந்தச் சிவப்புக் குறுவிண்மீன்கள்தான் என் ஆராய்ச்சி" என்றாள்.

சூரியனைவிடச் சிறியவை, குளிர்ந்தவை, மங்கலானவை. வெறுங்கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நம் பால்வெளியில் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். இந்தக் குன்றுக்கும் அவற்றுக்கும் பழைய உறவு உண்டு. புரட்சிக்குப் பிறகு ருஷ்யாவை விட்டு வந்த அலெக்சாண்டர் விசோட்ஸ்கி, இதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இங்கேயே வேலை பார்த்து, 1940களிலும் 50களிலும் நிறமாலைகளைக் கொண்டு இந்த மங்கலான விண்மீன்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டார். அவர் மனைவி எம்மாவும் இங்கே விண்மீன்களின் நகர்வை அளந்தவர். 1946இல் ஆனி ஜம்ப் கேனன் விருது பெற்றார். கணவனும் மனைவியும் ஒரே குன்றில், ஒரே தட்டுக் குவியலுக்குள். அவர்களைப் பற்றி இன்னும் படிக்க வேண்டும்.

இவள் இன்று செய்வது மைசார் கதையின் தொடர்ச்சி. அப்போஜி என்ற நிறமாலைக் கருவியை இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கட்டினார்கள். ஒரே நேரத்தில் 300 கண்ணாடி இழைகள் வழியே 300 விண்மீன்களின் ஒளியை வாங்கி அகச்சிவப்பில் பிரிக்கும். 2011 முதல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒன்று, 2017 முதல் சிலி நாட்டில் இன்னொன்று. அதில் சேர்ந்த தரவுகளில், கோடுகள் இப்படியும் அப்படியும் அசையும் குறுவிண்மீன்களைத் தேடுகிறாள். யார் யாருக்கு மறைந்த துணை இருக்கிறது என்று. பகலில் கணினி முன் அந்த வேலை. வெள்ளி இரவு இங்கே ஏணிப் படியடியில் நின்று பாட்டிகளின் கையைப் பிடித்து ஏற்றிவிடும் வேலை.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், தச்சு வேலை செய்கிறவர் என்று சொல்லிக்கொண்டார், அவளிடம் கேட்டார்: "அந்தக் குட்டி விண்மீன்கள் ஜோடியாகவே பிறக்கின்றனவா, பிறகு சேர்ந்துகொள்கின்றனவா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு, "பெரும்பாலும் ஒன்றாகவே பிறக்கின்றன என்றுதான் நினைக்கிறோம். ஆனால் எத்தனை ஜோடிகள் பிறந்து, எத்தனை பிரிந்துபோகின்றன என்பது இன்னும் தெளிவாகத் தெரியாது. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதைப் பற்றித்தான். இன்னும் எழுதவில்லை" என்றாள்.

31 ஆண்டுகளில் என் மாணவர்களிடம் "தெரியாது" என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று யோசித்தேன். நிறையச் சொன்னதுண்டு. ஆனால் "தெரியாது, அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னதில்லை. சொல்லும் இடத்தில் நான் இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய ஒருத்தியை ஒரு தச்சர் முன்னால் நிறுத்திவைப்பதுதான் ஒரு பல்கலைக்கழக வானாய்வகம் செய்யும் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. காணொளியில் இதைவிட நூறு மடங்கு அழகான படங்கள் கிடைக்கும். எழுதாத மூன்றாம் அத்தியாயம் அதில் கிடைக்காது.

இந்தத் தொலைநோக்கியை இன்று யாரும் ஆராய்ச்சிக்கு நம்பியிருக்கவில்லை. நகரத்தின் விளக்குகள் குன்றைச் சூழ்ந்துவிட்டன. ஊருக்குத் தெற்கே ஃபேன் மலையில் 40 அங்குலமும் 31 அங்குலமுமாக வேறு தொலைநோக்கிகளை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலானவை அரிசோனாவிலும் சிலியிலும். ஆனாலும் இதைக் காட்சிப் பொருளாக்கிக் கயிறு கட்டி ஓரமாக நிறுத்தவில்லை. மாணவர்கள் இரவு வானத்தைப் பார்க்கப் பழகுவது இந்தக் குன்றில்தான். தொட்டுத் திருப்புகிறார்கள். குவிமாடம் சுழலும்போது காலடியில் தரை அதிர்கிறது. யாழினி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆரம்பத்திலிருந்தே இது கற்கிறவர்களின் இடம். முதல் இயக்குநர் ஆர்மண்ட் ஸ்டோன் காலத்தில், 1880களில், லெவன்வொர்த், முல்லர் என்ற இரண்டு இளம் உதவியாளர்கள் இந்தக் குழாயின் வழியே நூற்றுக்கணக்கான நெபுலாக்களை, புகைபோல் மங்கலாகத் தெரியும் ஒளித் திட்டுகளை, கண்டு குறித்துவைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நம் பால்வெளி போன்ற தனித்தனி அண்டங்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைப் பிற்காலத்தில் வாதாடி நிறுவியவர்களில் ஒருவர் ஹீபர் கர்ட்டிஸ். லத்தீன் மொழி ஆசிரியராக இருந்தவர். கல்லூரியில் கிடந்த ஒரு சிறு தொலைநோக்கியால் மனம் மாறி, இங்கே வந்து 1902இல் வானியலில் முனைவர் பட்டம் வாங்கினார். 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லி என்ற வானியலாளருக்கு எதிரே நின்று, சுருள் நெபுலாக்கள் நம் பால்வெளிக்கு அப்பாற்பட்ட அண்டங்கள் என்று வாதாடினார். அவர் சொன்னதே சரி என்பது சில ஆண்டுகளில் எட்வின் ஹபிள் என்ற வானியலாளரின் அளவீட்டில் தெரிந்தது. ஒரு லத்தீன் வாத்தியார், ஒரு சிறு தொலைநோக்கி. யாரோ ஒருவர் அந்தத் தொலைநோக்கியைப் பூட்டிவைக்காமல் விட்டிருக்கிறார்.

இங்கே நான் காவலூர் வானாய்வகத்தை நினைக்காமல் இருக்க இயலாது. எங்கள் மாவட்டம், எங்கள் ஜவ்வாது மலை. 2006 பிப்ரவரியில் என் மாணவிகள் முப்பது பேரை ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் அழைத்துப் போனேன். சனிக்கிழமை மாலைகளில் அங்கே பொதுமக்களுக்கு வானம் காட்டுவார்கள். சனிக்கோளின் வளையத்தை அன்றைக்குத்தான் நானும் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்திருக்கிறார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகத்துக்குத் தெரிந்தது அந்த நிகழ்வில்தான். 1986 முதல் இயங்கும் 93 அங்குல வைணு பாப்பு தொலைநோக்கியும் அங்கேதான் இருக்கிறது. பஸ் திரும்பும்போது மாணவிகளில் பாதிப் பேர் தூங்கவில்லை. அதில் ஒருத்தி இன்று இயற்பியல் பேராசிரியை. நான் படித்த அதே கல்லூரியில், அதே கண்ணாடி பீரோ இருந்த துறையில்.

காவலூர் ஒன்றுதான் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அங்கே போய்விட இயலாது. இங்கேயும் எல்லாரும் குன்றுக்கு வந்துவிடுவதில்லை. அதனால் இந்தத் துறையின் மாணவர்கள் 2009 முதல் 'டார்க் ஸ்கைஸ், பிரைட் கிட்ஸ்' என்ற பெயரில் சுற்றுவட்டாரக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குத் தாங்களே போய் வகுப்பு முடிந்த மாலை நேரங்களில் வானியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளிச்சம் குறைந்த கிராமத்தில்தான் வானம் செழிப்பு. அந்தச் செல்வம் தங்களிடம் இருப்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது எவ்வளவு பெரிய வேலை! எங்கள் பக்கத்தில், ஏலகிரி அடிவாரத்தில், நாட்றம்பள்ளி தாண்டினால் இன்னும் அப்படிப்பட்ட வானம் இருக்கிறது. பார்க்க ஆள் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லும் இளம்பிள்ளைகள் வேண்டும், மூன்று அங்குலம் போதும். மைசாரைப் பிரித்துக் காட்ட மூன்று அங்குலம் தாராளம். நான் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று இரவு வீடு வந்ததும் பேராசிரியையாக இருக்கும் என் பழைய மாணவிக்கு எழுதினேன். அந்தப் பித்தளைத் தொலைநோக்கி இன்னும் இருக்கிறதா என்று.

இரண்டு நாளில் பதில் வந்தது. "இருக்கிறது டீச்சர். வில்லையில் பூஞ்சை படிந்திருக்கிறது, ஒரு கால் ஆடுகிறது. பீரோ சாவியை யாரிடம் கேட்டாலும் தெரியவில்லை என்றார்கள். கடைசியில் பழைய ஆய்வக உதவியாளர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். பெட்டியைத் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். நாற்பது மாணவிகள் விடுதியில் இருக்கிறார்கள். இரவு எட்டரை வரை மாடியில் இருக்கலாம் என்று முதல்வர் அனுமதி தருகிறார். எந்தக் கிழமை வைக்கலாம், சொல்லுங்கள்."

வெள்ளிக்கிழமை என்று எழுதினேன். பூஞ்சையை எப்படித் துடைப்பது என்று அந்த ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். முதலில் தூசியைக் காற்றால் ஊதி விலக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கவே கூடாது, எந்த வில்லை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே பென்சிலால் விளிம்பில் அடையாளம் போட வேண்டும். யாழினி தன் கைவிளக்குகள் இரண்டில் சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆகஸ்டில் ஊர் திரும்புகிறேன்.